குடும்பச் சூழ்நிலை காரணமாக

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா, இல்லை வழக்கம்போல் சட்டைப் பையிலேயே வைத்துத் துவைக்கப் போடுகிறாரா?

வந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. வீடு மூன்றாவது மாடி. துணி துவைக்கும் இயந்திரம் கீழ்த்தளத்தில், பன்னிரண்டு குடித்தனத்துக்கும் பொது. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நம்முடையது புதன்கிழமை பத்து மணி. போன வாரம் பத்தேகாலுக்குப் போனேன். மேல்வீட்டுக்காரி என் கூடையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நானும் நம் பாஷையில் நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன்.

சிட்டு பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். நாலரை வயதுக்கு அவள் பேசும் பேச்சு உனக்குத் தெரியும். ஊமைப் பிள்ளையோ என்று ஆசிரியைக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுகிறாள், தூங்கும்வரை ஓய்வதில்லை.

இவருக்குப் பாலம் கட்டும் கம்பெனியில் வேலை மும்முரம். ஒரே வருஷம் என்று சொல்லித்தானே கூட்டிவந்தார். என் விடுப்பு மே 31 வரை. ஜூன் முதல் தேதி காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி லேபில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சிட்டுவை அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டு உன்னிடம் கொடுத்துவிட்டு வந்த இரண்டு வெள்ளைத்தாள்களும் பத்திரம்தானே? வந்துசேர நாலு நாள் பிந்தினால் விடுப்பை நீட்டிக்க உதவும். நீண்ட விடுப்பில் போகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர்கள் பணியாளர் பிரிவில் யாரையாவது காக்காய் பிடிக்க வேண்டும். எனக்கு அந்தப் பிரிவில் கூடப்பிறந்தவளே இருக்கிறாள்.

என் இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கும் உன் மகளை விசாரித்ததாகச் சொல். மைக்ராஸ்கோப்பின் இடது திருகு முரண்டு பிடிக்கும். அவசரப்படாமல் திருப்பச் சொல்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் தங்கை


செப்டம்பர் 29

செல்லத் தங்கைக்கு அக்காவின் ஆசிகள்.

நலம். நீ, மாப்பிள்ளை, சிட்டு மூவரும் அப்படியே இருக்க வேண்டும். என் முழங்கால் என்னோடு ஓய்வு பெறும் என்று நினைக்கிறேன். அத்தானுடைய மாத்திரை இப்போது என் பையில் இருக்கிறது. அவரையும் ஒரு கோப்பாக்கி நானே வைத்துப் பார்க்கிறேன்.

சிட்டு பேசாததற்கெல்லாம் கவலைப்படாதே. குழந்தை கவனித்துக்கொண்டிருக்கிறது, ஒருநாள் கொட்டும். நீ மட்டும் என்ன, பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் பெஞ்சுக்கு அடியில்தானே உட்கார்ந்திருந்தாய்? பன்னிரண்டு வயது மூத்தவள் என்பதால் உன்னை இழுத்துவர என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என் மகள் நன்றாகக் கற்றுக்கொண்டு வருகிறாள். முதல் வாரம் ரத்தம் எடுக்கும்போது நோயாளியைவிட அவள்தான் அதிகம் பயந்தாளாம். இப்போது பெரிய டாக்டரே "சித்திக்கு ஏத்த பொண்ணு" என்கிறார். நீ போய் அவரிடம் சொல்லியிருக்காவிட்டால் அவளுக்கு இந்தத் தற்காலிக இடம்கூடக் கிடைத்திருக்காது. அதை நான் மறக்கவில்லை.

தாள்கள் என் மேசை இழுப்பறையில், பூட்டுக்குள் இருக்கின்றன. உன் வேலை எங்கும் ஓடிப்போகாது. நீ நிம்மதியாகக் குடித்தனம் நடத்து.

என்றும் அன்புடன்,
அக்கா


நவம்பர் 11

அன்பு அக்கா,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன். எனக்குச் சளி, அவ்வளவுதான்.

சிட்டு பேசிவிட்டாள்! மூன்று நாளுக்கு முன் வகுப்பில் எழுந்து நின்று ஒரு முழு வாக்கியம் சொன்னாளாம். நான் ஆசையாக, எனக்கும் சொல்லிக் காட்டு என்றேன். "அது ஸ்கூல் வாய்ம்மா, வீட்டுல வராது. வீட்டுல வேற வாய்" என்றாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அவளுக்கு இரண்டு வாய், எனக்கு அரை வாய். கடைக்காரனிடம் விரலை நீட்டி, தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு வருகிறேன். ஒரு நாளைக்கு எண்பது பேருடைய ரத்தத்தைப் பார்த்துச் சொன்னவள், இங்கே உப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்கத் தெரியாமல் நிற்கிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். இவர் போன வாரம் நாலு கதவு அலமாரி ஒன்று வாங்கி வந்து பொருத்தியிருக்கிறார். ஒரு வருஷத்துக்கு வந்தவர் நாலு கதவு அலமாரி வாங்குவாரா? நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சிரித்து மழுப்புவார். ஆனால் முடிவு செய்துவிட்டேன். அவர் தங்கினாலும் தங்கட்டும், மே மாதம் நானும் சிட்டுவும் கிளம்பிவிடுவோம். அவர் வேலை முடிந்ததும் வரட்டும். நீ அவரிடம் மூச்சு விடாதே. அவருக்கு நீ எழுதும் வழக்கம் இல்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உன் மகளுக்கு என் அன்பு.

தங்கை


டிசம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். சளிக்கு ஆவி பிடி, அலட்சியம் வேண்டாம். இங்கே ஆண்டுக் கணக்கெடுப்பு நடப்பதால் உடனே பதில் எழுத முடியவில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அலமாரி வாங்கினால் வாங்கட்டுமே, துணி வைக்க இடம் வேண்டாமா? பெண்குழந்தை அப்பா பக்கத்தில் வளர வேண்டும். நீ வேலை வேலை என்று ஓடி வந்துவிட்டால் மாப்பிள்ளை தனியாக ரொட்டியைத் தின்றுகொண்டு கிடப்பார். தூரத்தில் இருக்கிற குடும்பங்கள் எப்படிப் பிரிகின்றன என்று நான் ஆபீசில் தினம் பார்க்கிறேன். உன்னைவிடப் பன்னிரண்டு வருஷம் கூடுதலாகச் சோறு தின்றவள் சொல்கிறேன், அவசரப்படாதே.

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, வேலை நிரந்தரமா என்பதுதான். மே மாதத்தோடு முடிகிறது என்று சொன்னால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

சிட்டுவின் இரண்டு வாய்க்கும் பெரியம்மாவின் முத்தம்.

அக்கா


ஜனவரி 8

அன்புள்ள அக்கா,

சளி போய்விட்டது. உனக்கும் அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் மகளுக்கு நல்ல இடம் அமையும். இங்கேயிருந்து ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று இருக்கிறது. ஜூனில் வந்ததும் பெரிய டாக்டரிடம் நானே பேசுகிறேன். மற்ற ஆஸ்பத்திரிகளிலும் அவருக்குச் செல்வாக்கு உண்டு.

போன வாரம் சிட்டுவுக்குக் காய்ச்சல். ரத்தம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ரத்தம் எடுக்கிற பெண், சிட்டுவின் விரல் நுனியில் நட்டநடுவில் குத்தப் போனாள். பக்கவாட்டில் குத்தினால் பாதிகூட வலிக்காது, உன் மகளுக்கே தெரியும். எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. என் விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, பக்கத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவள் இவரிடம், உங்கள் மனைவிக்கு விரலில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். இவர் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. நேற்றுச் சாப்பிடும்போது இவர் திடீரென்று, "நாலு கதவு அலமாரி வாங்கினா அது ஒரு குத்தமா?" என்றார். நான் அலமாரியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. உனக்கு எழுதியதோடு சரி. கண்ணெதிரே நிற்கிற பொருள்தானே, தற்செயலாகக் கேட்டிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் விடுப்புக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது? மே 31 என்பது சரிதானே? ஒரு வரி எழுது.

தங்கை


மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே. அத்தானுக்குக் கண் அறுவை நடந்தது. ஒரு வாரம் லீவு போட்டுச் சொட்டு மருந்து விட்டேன். இப்போது எனக்கு நரைத்திருப்பது நன்றாகத் தெரிகிறதாம். இதற்கா அறுவை செய்தோம் என்று இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. என் மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. உத்தரவு வந்ததும் உன்னைத்தான் முதலில் நினைத்தேன். அக்கம்பக்கம் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தோம்.

சிட்டுவுக்குக் காய்ச்சல் திரும்ப வந்ததா? இருமினால் வெந்நீர் கொடு. காலணி சின்னதாகியிருக்கும், பெரிதாக வாங்கு. கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது, கவலைப்படாதே.

அக்கா


மார்ச் 19

அன்பு அக்காவுக்கு ஆயிரம் வாழ்த்து!

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். யாருக்கு என்று சிட்டு கேட்டாள். "பெரியம்மா வீட்டு அக்காவுக்கு வேலை கிடைச்சிருக்கு" என்றேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவருக்குச் சந்தோஷத்தைக் கொண்டாடத் தெரியாது.

எந்த ஆஸ்பத்திரி, எந்த லேப் என்று எழுதவே இல்லையே? தூரமாக இருந்தால் தங்க இடம் பார்க்க வேண்டும். அவள் எப்போது அங்கே போய்ச் சேர்கிறாள்? அவள் போய்விட்டால் ஜூன் வரை என் நாற்காலியில் யார் உட்காருவார்கள்? கைப்பழக்கம் இல்லாத ஒருத்தியிடம் மைக்ராஸ்கோப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

மே 26-க்கு எனக்கும் சிட்டுவுக்கும் விமானத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். இவரிடம் ஏப்ரலில் சொல்வேன். அத்தானின் கண்ணை நன்றாகக் கவனி.

உடனே பதில் போடு.

தங்கை


ஏப்ரல் 25

அக்கா,

ஐந்து வாரமாக உன் பதில் இல்லை. இனி வேண்டியதில்லை, தெரிந்துவிட்டது.

சனிக்கிழமைகளில் இவர் சிட்டுவைத் தன் ஆபீசுக்கு அழைத்துப் போவார். நேற்று அவளிடம், பெரியம்மா எழுதவே இல்லை பார் என்று குறைபட்டேன். அவள் படம் வரைந்துகொண்டே சொன்னாள்: "பெரியம்மாதான் போன்ல பேசுவாங்களே. அப்பா 'அந்தப் பேப்பர்ல எழுதியாச்சா'ன்னு கேட்டாரு. பெரியம்மா அழுதாங்களாம்."

இவரிடம் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை. பையிலிருந்து உத்தரவின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு மாதமாகப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். "இங்கேயே இருக்கறதுன்னு முடிவாயிடுச்சு. உன்கிட்ட கேட்டா நீ வேண்டாம்பே. அதான் கேக்கல" என்றார். அதற்கும் அவரே கோபித்துக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 12-ஆம் தேதி என் பணிவிலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். கூடவே என் கடிதத்தின் நகல். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்.' கீழே என் கையெழுத்து. மேலே உன் எழுத்து. உன் 'ழ'வை எனக்குத் தெரியாதா? நீ சிலேட்டில் எழுதிக் காட்டித்தானே நான் கற்றுக்கொண்டேன்.

என் கடிதங்களை அவரிடம் படித்தும் காட்டியிருக்கிறாய். உன் மகள் எந்த லேப் என்று ஏன் எழுதவில்லை என்பதும் இப்போது புரிகிறது. நான் பாயசம் வைத்தேன், அக்கா. என் நாற்காலி போனதற்கு நானே பாயசம் வைத்துக் குடித்திருக்கிறேன்.

வேறு யார் செய்திருந்தாலும் உனக்குத்தான் எழுதி அழுதிருப்பேன். இப்போது யாருக்கு எழுதுவது?


மே 14

என் கண்ணான தங்கைக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மாப்பிள்ளை நவம்பரிலிருந்தே ஆபீசுக்குப் போன் செய்வார். முதலில் சும்மா விசாரிப்பார். நீ ஊருக்கு வரும் நினைப்பில் இருப்பதைப் பேச்சுவாக்கில் நான்தான் சொன்னேன். ஜனவரியில், "அந்த வேலை இருக்கற வரைக்கும் அவ ஒரு கால அங்கதான் வெச்சிருப்பா. நீங்கதான் எங்க குடும்பத்தைக் காப்பாத்தணும்" என்றார். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் அங்கேயே இருந்துவிட்டால் ஊர் என்ன பேசும் என்று பயந்தேன். தாளை எடுத்து மூன்று நாள் வெறுமனே வைத்திருந்தேன். பிறகு எழுதிவிட்டேன்.

என் மகளையும் நினைத்தேன். அதை மறைக்கவில்லை. மே மாதத்தோடு அவள் வீட்டில் உட்கார வேண்டும். நீ கெட்டிக்காரி, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாய். அவள் அப்படி இல்லை. இரண்டு வீட்டுக்கும் நல்லது நடக்கட்டுமே என்றுதான் செய்தேன். நீயே உன் விருப்பத்தில் விலகியதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்லிவிடாதே.

திட்டி எழுது. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

அக்கா


மே 30

அக்கா,

சிட்டுவுக்கு முன்பல் ஆடுகிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

நாளையோடு என் விடுப்பு முடிகிறது. நேற்றுப் பெரிய டாக்டர் பெயருக்கு ஒரு மனுவைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பியிருக்கிறேன். விடுப்பை நீட்டிக்கக் கொடுத்த தாள் தவறுதலாகப் பணிவிலகலாக மாறிவிட்டது, ரத்து செய்து மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். யார் எழுதியது என்று எழுதவில்லை. உன் பெயர் அதில் எங்கும் இல்லை. உன் மகளை மாற்று இடத்தில் வைத்துக்கொள்ளும்படியும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

பெரிய டாக்டரின் வீட்டு முகவரி எனக்குத் தெரியும். அங்கே அனுப்பவில்லை. ஆபீஸ் முகவரிக்குத்தான் அனுப்பினேன். ஆபீசுக்கு வருகிற தபாலைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுவது நீதான் என்று தெரிந்தே அனுப்பினேன். நீயே எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வை. அது போதும், பழையதைப் பேசவே மாட்டேன். இரண்டு பாஸ்போர்ட்டும் என் கைப்பையில் இருக்கின்றன. 26-ஆம் தேதி இடத்தை ரத்து செய்துவிட்டேன், உத்தரவு வந்த வாரமே கிளம்பிவிடுவேன்.

இவர் என்ன சொல்வார் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒரு கவரைப் பத்தடி தூரம் எடுத்துப்போவதுதான்.

தங்கை


ஜூன் 28

அன்புத் தங்கைக்கு ஆசிகள் பல.

இங்கே நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சிட்டுவுக்குப் பல் விழுந்ததா? நாக்கால் தொடாமல் இருக்கச் சொல், கோணலாக முளைக்கும்.

என் மகளுக்கு இடம் முடிந்துவிட்டது. பையன் வங்கியில் இருக்கிறான், நல்ல குடும்பம். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது, முக்கியமாக அவள் வேலை. ஆவணியில் முகூர்த்தம். சித்தி வராமல் கல்யாணமா என்று கேட்கிறாள். அத்தானுக்கு இரண்டாவது கண்ணும் தேறிவிட்டது.

நீ அனுப்பியதாகச் சொன்ன தபால் எதுவும் இங்கே வரவில்லை. நானே எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தேன். வெளிநாட்டுத் தபால் இப்போதெல்லாம் ஒழுங்காக வருவதில்லை.

அக்கா


ஜூலை 12

அனுப்புநர்:
ரத்தப் பரிசோதகர் (பணிவிலகியதாகச் சொல்லப்படுபவர்)

பெறுநர்:
உதவியாளர், பணியாளர் பிரிவு

பொருள்: உறவு – விலகல் – தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை:
1. எனது மனு, நாள் மே 29.
2. ஒப்புகை அட்டை, நாள் ஜூன் 10.
3. தங்கள் கடிதம், நாள் ஜூன் 28.

அம்மையீர்,

பார்வை ஒன்றில் கண்ட மனு வரவில்லை என்று பார்வை மூன்றில் தெரிவித்துள்ளீர்கள். பார்வை இரண்டில் கண்ட அட்டை நேற்று எனக்கு வந்து சேர்ந்தது. அந்த மனுவை ஜூன் 10-ஆம் தேதி பெற்றுக்கொண்டதற்குத் தங்கள் கையெழுத்து அதில் தெளிவாக உள்ளது.

இதற்குமேல் ஆபீஸ் நடை வரவில்லை. முதல் தடவை நீ செய்ததற்கு என் வீட்டுக்காரர் ஒரு காரணம், பயம் ஒரு காரணம் என்று உனக்காக நானே வாதாடிக்கொண்டேன். இரண்டாவது தடவை உன்னை யாரும் போனில் கூப்பிடவில்லை. நீயாகவே செய்தாய். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு துவைக்கும் அறையில் உட்கார்ந்து அழுதேன். மேல்வீட்டுக்காரி வந்தாள். கடிகாரத்தைப் பார்க்காமல், தன் துணியைப் போடாமல், திரும்பிப் போய்விட்டாள்.

மனுவின் பிரதி என்னிடம் இருக்கிறது. பெரிய டாக்டர் வீட்டுக்கு அனுப்பினால் விசாரணை வரும், கல்யாணம் நிற்கும். அனுப்பப்போவதில்லை. அந்தப் பெண் என்ன செய்தாள்? மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மன்னிக்கவில்லை. என் பத்து வருஷ வேலையை அவளுக்குச் சீராகக் கொடுத்ததாக வைத்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு வரமாட்டேன்.

குடும்பச் சூழ்நிலை காரணமாக, தங்கள் தங்கை என்ற பொறுப்பிலிருந்து இன்று முதல் விலகிக்கொள்கிறேன். இந்த முறை மேலே உள்ள வரிகளையும் நானே எழுதியிருக்கிறேன்.

சிட்டுவுக்குப் பல் விழுந்துவிட்டது. அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து, பெரியம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று நின்றாள். பெரியம்மா வீடு மாறிப் போய்விட்டார்கள், எங்கே என்று அம்மாவுக்குத் தெரியாது என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. உடனே நம்பிவிட்டாள்.